துவைகல் ஓரத்துச் சீமைச் சாமந்தி

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: நான். என் பெண்டாட்டி. அண்ணன். அண்ணன் பெண்டாட்டி, எனக்கு மதினி. எதிர்த்த டீக்கடை அண்ணாச்சி, பூவை எண்ணுவதற்கு அவரைக் கூப்பிட்டிருந்தோம். அப்புறம் மதினியின் ஆடு. அதைக் கூப்பிடவில்லை, வந்து நின்றது.

எண்ண வேண்டியது சீமைச் சாமந்திப் பூ. நூறு இருந்தால் வீட்டுக்குப் பின்னால் உள்ள இடம் என் பெண்டாட்டியின் செடிகளுக்கு. ஒன்று குறைந்தாலும் மதினியின் ஆட்டுக்கு. கொட்டில் போட மூங்கில்கூட வந்து கிடந்தது.

குற்றாலத்தில் எனக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. சீசனில் அருவிக்கு வருகிறவர்களுக்குத் தேய்ப்பேன். செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. அண்ணனும் நானும் ஒரே வீடு. பின்னால் நாலு பாய் விரிக்கிற இடம். அதில் என் பெண்டாட்டி துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை வைத்திருந்தாள்.

அவள் அப்பா மேக்கரைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரர். அங்கே வெள்ளைக்காரத் துரைசானி இந்தப் பூவைக் காயவைத்து வெந்நீரில் போட்டுக் குடிப்பாளாம். சின்னதில் இவளுக்கும் கொடுத்திருக்கிறாள். அந்த வாசம் இவளை விடவில்லை. அப்பாவிடம் கேட்டு விதை வாங்கி, துணியில் முடிந்து கொண்டுவந்தாள்.

மதினி முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இது விதையா, மூக்குப்பொடியா? தும்மிராத. தோட்டமே பறந்துரும்."

"முளைக்கும்க்கா."

"முளைச்சு, ஐப்பசி மழைக்கு முந்தி நூறு பூ காட்டு. இடம் உனக்கு. இல்லேன்னா என் ஆட்டுக்கு."

"சரிக்கா."

அண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். "சரி" என்றார். அவர் சொன்னால் முடிந்தது.

ஆனியில் விதைத்தோம். பாதி விதையை அவள் முடிந்து வைத்துக்கொண்டாள். தூவியது நான். தூவி, மேலே ஒரு விரல்கடை மண்ணும் சாணித்தூளும் போட்டு மூடினோம். எல்லா விதைக்கும் அப்படித்தான் செய்வோம். அருவியிலிருந்து வந்த கை, எண்ணெய் போகாத கை. விதை பாதி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. துவைகல்லில் போய்க் கழுவினேன்.

பாத்தியில் புல் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"என்னட்டி, பூப்பறிக்கக் கூடை வேணுமா?" என்று மதினி காலையில் கேட்பாள். சாயங்காலமும் கேட்பாள். இவள் குனிந்து புல்லைப் பிடுங்குவாள். மிச்ச விதையைப் போடவும் பயம்.

ஒரு மத்தியானம் சாரல் விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. பின்னால் இருந்து சத்தம்.

"இங்கன வாங்க! ஓடி வாங்க!"

பாம்பு என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். துவைகல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில், பாசி மேலே, நூல் நூலாகப் பச்சை. கொத்தமல்லி இலையைப் பொடிப்பொடியாக நறுக்கின மாதிரி இலை. ஒன்றைக் கிள்ளி நசுக்கி என் மூக்கில் வைத்தாள்.

"அதேதான். நீங்க கை கழுவினதுல முளைச்சிருக்கு."

"இதுக்கு மண்ணே போடலியே."

"அதாங்க! மண்ணு போட்டதுதான் தப்பு. இது வெளிச்சம் பார்த்து முளைக்குது."

கையை நீட்டினேன். "எண்ணெய் இருக்கு. இன்னொரு தடவ தூவட்டா?"

அவ்வளவு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

கல்லோரத்தில் வந்ததை அவள் பிடுங்கவிடவில்லை. துணி துவைக்கிறதைக் கல்லின் மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

மிச்ச விதையை மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அதில் மண் போட்டுத் தூவினோம். மூடவில்லை. உள்ளங்கையால் அமுக்கினதோடு சரி. பாசி பிடித்த மாதிரி முளைத்தது. வீடே கூடிப் பார்த்தது.

பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. அடித்தண்டு கறுத்து நாற்று சாய ஆரம்பித்தது. நெருக்கம், ஈரம், இரண்டும் சேர்ந்த கோளாறு. பாதியைக் கலைத்து எறிந்தாள். டின்னுக்கு அடியில் ஓட்டை போட்டேன். ஆற்று மணல் தூவினோம். கூரை இறவாரத்துக்குக் கீழே வைத்தால் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டியது. அதனால் சாரல் விட்டால் வெளியே, விழுந்தால் உள்ளே என்று தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

"கைப்பிள்ளையக்கூட எவளும் இப்படித் தூக்கமாட்டா" என்றாள் மதினி.

ஒரு நாள் நாங்கள் தென்காசிச் சந்தைக்குப் போயிருந்தோம். வழியில் நல்ல சாரல். பதறி ஓடிவந்தோம். டின் அடுப்படியில் இருந்தது. பக்கத்தில் மதினி.

"என்ன பாக்க? அழுகிப் போச்சுன்னா அப்புறம் நான் யார்ட்ட ஜெயிக்க?"

ஆவணியில் பாத்தியில் நட்டோம். புரட்டாசியில் பூத்தது. சின்ன வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். அவள் வாயால் எண்ணாமல் கண்ணால் எண்ணிக்கொண்டு திரிந்தாள். மேகம் கறுத்தது. நாளைக்கு எண்ணிவிடுவோம் என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓரத்து வரிசையை மேய்ந்துவிட்டது. மதினியே ஓடிப்போய் அதை அடித்தாள். இவள் மிதிபட்ட செடிகளை நிமிர்த்தினாள். நானும்.

காலையில் அண்ணாச்சி முறத்தில் கிள்ளிக் கிள்ளிப் போட்டு எண்ணினார்.

"மொட்டு கணக்குல சேராது" என்றாள் மதினி.

"யாரும் பேசாதீங்கம்மா. கணக்குத் தப்பிரும்."

எண்பது போயிற்று. தொண்ணூறு போயிற்று. தொண்ணூற்று ஏழில் அவர் கை நின்றது. செடியெல்லாம் மொட்டை. அண்ணன் மூங்கிலைப் பார்த்தார்.

"கல்லு! துவைகல்லு!" என்று கத்தினாள் என் பெண்டாட்டி.

கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஆட்டுத் தலை நுழையாது. அங்கே வெள்ளையாகத் தெரிந்தது. எல்லோரும் மதினியைப் பார்த்தோம். அவள் ஆட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

"என்ன பாக்கிய? அதுவும் இந்த வீட்டு விதைதான். எண்ணுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டார்.

நூற்று நான்கு.