இடைவேளை வரை பார்த்தவர்

எங்கள் அத்தான் பஸ்ரியனைப் போலப் படம் பார்த்தவர் மன்னாருக்கும் சிலாவத்துறைக்கும் இடையில் வேறு யாரும் இல்லை. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அவர் பார்த்த விதம் அப்படி.

சண்டைக்குப் பயந்து படகேறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அக்கா இமெல்டாவை அவர் கட்டியதும் அங்கேதான். முகாமில் பின்னேரம் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். செக்கிங் என்போம். அந்த நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் அகதிப் பதிவு வெட்டுப்படும். டவுன் தியேட்டரில் மேட்னி முடியும்வரை இருந்தால் பஸ் தவறும். பஸ் தவறினால் செக்கிங் தவறும். ஆகவே இடைவேளைக்கு மணி அடித்ததும் மற்றவர்கள் முறுக்கு வாங்கப் போக, அத்தானும் நானும் பஸ்ஸுக்கு ஓடுவோம். இருபது வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் பாதிப் படம்.

ஆனால் அபிப்பிராயம் மட்டும் முழுசாக இருக்கும். உலகத்துப் படங்களை அவர் மூன்றாகப் பிரித்திருந்தார்: ஓடின படம், ஓடாத படம், பேய்ப்படம். ஓடின படத்தை அவர் மதிப்பதில்லை. "சனம் விழுந்து விழுந்து பாக்குதெண்டா அதிலை ஏதோ பிழை இருக்கு" என்பார். ஓடாத படங்களுக்கு அவர்தான் காவல். இரண்டாம் பாதி சொதப்பித் தோற்ற படங்களை எல்லாம் 'இதைப்போல ஒரு படம் இனி வராது' என்று தூக்கிப் பிடிப்பார். சொதப்பிய பாதியை அவர் கண்டால்தானே! வில்லன்கள் எல்லாரும் கோயிலுக்குக் காசு கொடுக்கும் நல்ல மனிதர்கள், கதாநாயகனின் அண்ணன்மார் ஒருநாளும் சாவதில்லை என்று அடித்துப் பேசுவார். பேய்ப்படம்தான் அவருக்கு உயிர். பேயைக் காட்டவே கூடாது. கதவு ஆடினால், நாய் ஒருமுறை குரைத்தால் போதும் என்பது அவர் கட்சி.

முகாமுக்குத் திரும்பியதும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். பாதிக் கதையை எப்படிச் சொல்வது? மிச்சத்தை அவரே கட்டிவிடுவார். எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தோம்.

அப்படிக் கட்டியதில் பேரெடுத்தது ஒரு பேய்ப்படம். ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவருகிறது. குசினி அடுப்படியில் யாரோ நடமாடுகிறார்கள். வாசலில் ஒரு பெண்ணின் நிழல் விழுவதோடு இடைவேளை. அத்தானின் மிச்சக் கதையில், அவள்தான் அந்த வீட்டுக்காரி. யாரையும் ஒன்றும் செய்யமாட்டாள். வந்தவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டுவாள். அவ்வளவுதான் படம்.

எங்கள் ஊரில் வீட்டையும் வளவையும் விட்டுவந்த அருளம்மா அக்கா அதைக் கேட்டு அழுதார். பிறகு திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு தரமும் முடிவில், "அடுப்பு மூட்டி என்னடா சமைச்சவ?" என்பார். அத்தானும் தன் வாய்க்கு ருசியான எதையாவது சொல்லி வைப்பார்.

சண்டை முடிந்து சில வருஷத்தில் ஊருக்குத் திரும்பினோம். தகரக் கொட்டிலில் கிடந்து வெந்தபின், வீட்டுத்திட்டத்தில் முதலில் முடிந்தது அருளம்மா அக்காவின் கல்வீடு. பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லி வீடு மந்திரிக்க நாள் குறித்தாயிற்று. அன்று பின்னேரம் ஊருக்கெல்லாம் படம் போடவேண்டும், அதுவும் அந்தப் படம்தான் வேண்டும் என்று அருளம்மா அக்கா ஒற்றைக் காலில் நின்றார். புது வீட்டுக்கு யாராவது பேய்ப்படம் போடுவார்களா?

புரொஜெக்டர் வாடகைக்கு விடுபவர் சிலாவத்துறை மர்சூக் நானா. அவரும் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். படத்தைக் கேட்டு அத்தானும் நானும் போனோம்.

"கடைசியிலை என்ன நடக்கும் நானா?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"மந்திரவாதி ஒருத்தன் வருவான். வீட்டோட சேத்து அவளைக் கொளுத்துவான். நெருப்பு நல்லா எடுத்திருக்காங்க."

அத்தானின் முகம் செத்துப்போனது. அந்த நெருப்பு எரியப்போவது அருளம்மா அக்காவின் புதுச் சுவரில். வெள்ளை அடித்த அந்தச் சுவரைத்தான் திரையாகப் பேசியிருந்தோம்.

"உண்மையைச் சொல்லித் துலையுங்கோவன்" என்றாள் என் அக்கா, வீட்டுக்கு வந்து நாங்கள் விஷயத்தைச் சொன்னதும்.

"மனிசி இவ்வளவு காலமா அந்த அடுப்பை நம்பி இருந்தவ, இமெல்டா. எந்த வாயாலை சொல்லுறது?"

பாட்டும் சண்டையும் நிறைந்த ஓடின படம் ஒன்றைப் போடலாம் என்று அருளம்மா அக்காவிடம் சொல்லிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடின படத்துக்காகப் பரிந்து பேசினார், பாவம். எடுபடவில்லை. கடைசியில் மழை பெய்யவேண்டும் என்று மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தார். ஆடி மாதம், மன்னாரில் மழை!

இருட்டியதும் படம் தொடங்கியது. கதிரை போதாமல் சனம் மணலில் பாய் விரித்து இருந்தது. சுவரில் கதவு ஆடியது, நாய் குரைத்தது. அத்தான் ஒன்றையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் புதுச் சேலையோடு இருந்த அருளம்மா அக்காவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. இடைவேளை.

மர்சூக் நானா ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தைப் போடத் திரும்பினார். அருளம்மா அக்கா எழும்பினார்.

"தம்பி, நிப்பாட்டுங்கோ. மிச்சத்தைப் பஸ்ரியன் சொல்லட்டும்."

பொடியன்கள் கூச்சல் போட்டார்கள். அத்தான் தடுமாறிக்கொண்டு எழும்பினார். "அக்கா, மிச்சம் படத்திலை கிடக்கு. ஆனா அது..."

"படத்திலை கிடக்கிறது எனக்கு வேண்டாம். செக்கிங் வரிசையிலை ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலை நிண்டவன் நீ. முழுப்படமும் எப்பிடியடா பாத்திருப்பாய்? எனக்கு அப்பவே தெரியும்."

சனம் சிரித்த சிரிப்பில் அத்தானும் சிரித்தார். கண்ணையும் துடைத்தார். பிறகு சுவர் வெளிச்சத்தில் நின்று சொல்லத் தொடங்கினார். முகாமில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். நாய் குரைப்பதைக்கூட வாயாலேயே குரைத்துக் காட்டினார். வந்தவர்கள் திறப்பைக் கொடுக்கும் இடத்தில், பெட்டியில் குந்தியிருந்த மர்சூக் நானா என் பக்கம் சாய்ந்து, "நான் இந்தப் படத்தை மூணு தரம் பாத்தவன். இதுதான் சரியான படம்" என்றார்.

"அவ உள்ளுக்குப் போய் அடுப்பை மூட்டினா" என்று முடித்துவிட்டு அத்தான் வழக்கமான கேள்விக்காகக் காத்து நின்றார். அருளம்மா அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"என்ன சமைச்சவ எண்டு கேக்கேல்லையோ அக்கா?"

"ஏன் கேக்கவேணும்? இண்டைக்கு விடியக்காலமை நான்தானே அடுப்பை மூட்டினனான்" என்றார் அருளம்மா அக்கா. "மீன் குழம்பு கிடக்கு. எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ, சாப்பிடுவம்."