பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்குப் போட்ட ஊசி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழையில், திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வருடக்கணக்காகக் காத்திருந்து உண்டான மகன், ஆறு மாதம் முடிந்த கையோடு பிறந்துவிட்டான். எடை எழுநூற்றுச் சொச்சம் கிராம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களின் தரம் பார்ப்பது என் வேலை. நூலிழை வித்தியாசம் இருந்தாலும் ஒதுக்கி வைக்கிற கண். அந்தக் கண்ணால் என் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதனால் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அதில் ஒரு பெண் குழந்தை. அதுவும் ஆறு மாதத்தில் பிறந்ததுதான். என் மகனைவிட எடை குறைவு. அதன் தாய் ஆரணிப் பக்கத்துப் பெண். எங்கள் தொழிற்பேட்டையிலேயே வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பேக்கிங் வேலை செய்தவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். அதைக் கேட்டபோதே எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

இரண்டு குழந்தைகளுமே மூச்சுவிட வைக்கும் இயந்திரத்தில் இருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு நுரையீரல் தேற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாட்களில் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் பூனைக்குட்டி மாதிரி அழுதது. என் மகனுக்குத் தொண்டையில் குழாய். அவனால் அழ முடியாது. ஒரு குழந்தையின் அழுகைமேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அந்தப் பக்கங்களில் என் மகனைவிட அந்தக் குழந்தையைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது.

“அந்த ஊசியை இவனுக்கும் போடுங்க” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“உங்க பையனுக்கு இதயத்துக்குப் பக்கத்துல மூட வேண்டிய ரத்தக்குழாய் ஒண்ணு மூடல. அந்தப் பாப்பாவுக்கு அது தானாவே மூடிக்கிச்சு. அதுக்கு மருந்து போகுது. அதோட இந்த ஊசியும் சேர்ந்தா குடல்ல ஓட்டை விழற அபாயம் அதிகம்மா. இப்போ அவன் குடல் நனைஞ்ச காகிதம் மாதிரி” என்றார் அவர்.

எனக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது: அந்தக் குழந்தைக்கு ரத்தக்குழாய் தானாகவே மூடிக்கொண்டது. அதிலும் அந்தத் தாய்தான் கொடுத்து வைத்தவள். மறுநாளும் கேட்டேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். “டாக்டரை விடு, பாவம்” என்று என் கணவர் இழுத்து வந்தார். டாக்டர் அசையவில்லை.

தாய்மார்கள் பால் பீய்ச்சுகிற அறையிலும் இதே கதை. எனக்குக் கிண்ணத்தின் அடிகூட நனையாது. அவளுக்கு வழியும். அவளுடைய மாமியார் உடனே முந்தானையால் கிண்ணத்தை மூடிவிடுவார்.

“இன்னாம்மா, அப்டியே பாத்துகினு கீற? கண்ணு பட்டா பால் வத்திப்பூடும்” என்று என்னிடமே சொன்னார்.

“வத்துனா வத்தட்டும் அத்த. ஒரு நாளாவது ஜாக்கெட்டு நனையாம தூங்குவேன்” என்று சிரித்தாள் அந்தப் பெண். அந்தச் சிரிப்புகூட எனக்கு ஆகவில்லை.

ஒரு காலை நான் போனபோது மகனின் வயிறு உப்பி, தோல் நீலம் பாரித்திருந்தது. குடலில் ஓட்டை, காற்று வெளியே கசிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பெரிய அறுவை சிகிச்சையை அவன் உடம்பு தாங்காது என்று வயிற்றில் சின்னதாகக் கீறி ஒரு குழாய் வைத்தார்கள்.

“அந்த ரத்தக்குழாய் மருந்தாலதானா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம். எந்த மருந்தும் இல்லாம தானாவும் விழும். உறுதியா சொல்ல முடியாதும்மா. ரெண்டையும் சேர்த்துக் கொடுக்காம இருந்தது மட்டும்தான் நம்ம கையில இருந்துச்சு.”

அன்றைக்குத்தான் பக்கத்துக் குழந்தைக்குப் பால் அளவைக் கூட்டினார்கள். என் மகன் வயிற்றில் குழாயோடு கிடக்கிறான். ஆனால் என்னைச் சுட்டது அந்தப் பால் செய்திதான்.

மெல்ல மெல்ல ஓட்டை மூடியது. சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தாய்ப்பால்தான் வேண்டும், பவுடர் பால் அந்தக் குடலுக்கு ஆபத்து என்றார். எனக்கோ அதற்குள் பால் முற்றிலும் நின்றுவிட்டது. மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியிலும் இருப்பு இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, பிளட் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துட்டேன். சரியா இருந்தா எம் பால சூடு பண்ணி தம்பிக்கு ஊத்துவாங்களாம்.”

நான் சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தேன்.

“இன்னா முழிக்கிற? நீ எம் பால பாத்த பார்வ எனக்குத் தெரியாதா? பாத்தது பாத்துட்ட, உம் புள்ளையாவது குடிக்கட்டும்.”

“எம் பேத்திக்குப் போக மிச்சம்தான், ஆமா” என்று முணுமுணுத்துக்கொண்டே, மறுநாள் கிண்ணத்தை நர்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த மாமியார்தான்.

முதல் நாள் ஒரு மில்லி. வயிறு உப்பவில்லை. மறுநாள் கொஞ்சம் கூட்டினார்கள். அதையும் குடல் ஏற்றுக்கொண்டது. தை பிறந்து, மாசியில் அவனை வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

இப்போது தயிர் சாதத்துக்கு ஊறுகாய் கேட்கிறான். அவள் மகள் இவனுக்கு முன்பே நடந்தாள், முன்பே பேசினாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வலித்தது. ஆரணியில் அவர்கள் வீட்டுக்குப் போனால் இவன் என் கையை உதறிவிட்டு அந்தப் பெண்ணின் மடிக்கு ஓடுகிறான். அப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் என் எரிச்சலை முழுதாகத் தெரிந்துகொண்டே ஒருத்தி என் பிள்ளையைப் பிழைக்க வைத்தாள் என்பதால், அந்த எரிச்சலை மறைக்காமல் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ள என்னால் இப்போது முடிகிறது.