இரண்டு ஆள் சவரம் முடியும்வரை

ஏட்டி! உன்னை ஒருநாளும் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்றால்தான் நீ திரும்புவாய். இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். அந்த மத்தியானம் நான் எங்கே நின்றேன் என்று தெரியாமலே நீ போய்விட்டாய். அதை இப்போது சொல்கிறேன். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து வருகிறேன்.

நான் தறிக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குழித்தறியில் இறங்கியவன். துண்டு நெய்வேன். பீடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய சவரக்கத்தி என்றால் மட்டும் கிறுக்கு.

முதல் கத்தி, சண்டை நேரத்தில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்த ஒருவரிடம் இருந்தது. இரண்டு துண்டு நெய்து கொடுத்து வாங்கினேன். கறுப்புக் கொம்புப் பிடி. தகட்டில் ஒரு கப்பல் படம், பாதி தேய்ந்திருந்தது. அடுத்தது மலை எஸ்டேட்டில் துரை வீட்டில் சமையல் பார்த்தவர் தந்த வெள்ளைப்பிடிக் கத்தி. ராயகிரியில் பழைய இரும்பு வாங்குகிறவர் சாக்குக்குள் ஆணியோடு ஆணியாக ஒன்று கிடந்தது. துரு ஏறி, கத்தி என்றே சொல்ல முடியாது. மூன்று நாள் கல்லில் தேய்த்தேன். கூர் ஏறி, நகத்தில் வைத்தால் வழுக்காமல் நின்றது. இப்படி ஆறு கத்தி சேர்ந்தன. எண்ணெய் தடவித் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருப்பேன்.

சவரம் எனக்கு அவசர வேலை இல்லை. வெந்நீரில் முக்கிய துண்டை முகத்தில் போட்டுத் தாடி இளகும்வரை உட்கார்ந்திருப்பேன். சிரட்டையில் சோப்பைக் குழைத்து, பிரஷ்ஷால் நுரை கட்டுவேன். கத்தியைத் தோல்வாரில் மேலும் கீழும் புரட்டும்போதே மனசு அடங்கிவிடும். பிறகு அந்தச் சரசரப்பு. கடைசியில் படிகாரத்தைத் தேய்த்தால் சுர்ரென்று ஓர் எரிச்சல். அதுவும் சுகம்தான்.

கல்யாணம் ஆனதும் என் ஏட்டி கண்ணாடி பிடிக்க வந்துவிட்டாள். அவள் என் மாமன் மகள். தாய் இல்லாதவள். கத்தி என் தொண்டைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

"நீ ஏன்ட்டி மூச்ச அடக்குத?"

"உங்க கழுத்துல்லா அது!"

எங்கள் தெருவுக்குச் சவரம் செய்கிற அண்ணாச்சிக்கு என்மேல் செல்லக் கோபம். "ஏ தம்பி, நீ கத்தி வச்சிட்டே. நான் ஒரு தறி வாங்கிப் போட்டுக்கிடவா?" என்பார். அவர் வீட்டுக்காரிதான் எங்கள் பக்கத்துக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி.

அவள் உண்டானதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இனிமே மூஞ்சில கத்தி வைக்காதல. பிள்ளைக்கு ஆகாது." மனைவி மாசமாக இருந்தால் புருஷன் தாடி எடுக்கக்கூடாது. எங்கள் தெருவில் யாரும் இதை மீறிப் பார்த்ததில்லை, நானும் மீறவில்லை. பெட்டியைப் பரணில் போட்டேன். தினமும் காலையில் என் தாடையைத் தடவும்போது பயமாக இருக்கும். கை தவறிக்கூட ஒரு மயிர் உதிரக்கூடாது என்று நினைப்பேன்.

ஒன்பதாம் மாதம். அவளுக்குத் தாய்வீடு இல்லாததால் பிரசவம் எங்கள் வீட்டில்தான். நாள் இன்னும் இருக்கிறது என்று அம்மா மேலநீலிதநல்லூரில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தாள்.

"அத்தான், கருவக்காட்டுக்குள்ள மூஞ்சிய விட்ட மாதிரி இருக்கு. எடுத்துருங்களேன்."

"அம்மா கேட்டா?"

"தறிக்குழியில விளக்கு சாஞ்சு தாடி கருகிட்டுன்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கும் ஆசைதான். அவள்மேல் பழி போட மாட்டேன். பரணில் ஏறியது நான். அவள் வயிற்றின்மேல் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கொம்புப்பிடிக் கத்தியால் எடுத்தேன். முகம் கழுவி வந்தபோது என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்பதான் எங்க அத்தான்" என்றாள்.

உலையில் அரிசி போடும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்னலே மரம் மாதிரி நிக்கே? ஓடு, மருத்துவச்சியக் கூட்டியா!" என்றாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "அட பாவி, எடுத்துட்டியா?"

அந்த ஒரு சொல் போதும். தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். தெரு திரும்பினால் அண்ணாச்சி தன் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் ஒரு ஆளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு ஆள் காத்திருந்தார். அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். தெருவில் வேறு யாரை ஏமாற்றினாலும் அவரை ஏமாற்ற முடியாது. தாடையைப் பார்த்தாலே எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று சொல்லிவிடுவார். தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மருத்துவச்சி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கினேன். இவர்கள் முடித்துப் போகட்டும், அண்ணாச்சி உள்ளே போகட்டும் என்று நின்றேன். முதல் ஆள் எழுந்தார். இரண்டாவது ஆள் உட்கார்ந்தார். அண்ணாச்சி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். போ, போ என்று மனசு சொல்கிறது, கால் வரவில்லை. மணி பார்க்க எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு ஆள் சவரம் எவ்வளவு நேரம் என்று கத்தி பிடிக்கிற எனக்குத் தெரியும்.

இரண்டாவது ஆளும் எழுந்து போனார், அண்ணாச்சி உள்ளே போகவே இல்லை. கடைசியில் நானே போய் முன்னால் நின்றேன்.

"யாருல அது, துண்டுக்குள்ள?"

அழுதுகொண்டே துண்டை எடுத்தேன். "அண்ணாச்சி, வலி வந்துட்டு. நான் தாடிய எடுத்துட்டேன்."

அவர் என் முகத்தை ஒரு விநாடிகூடப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து, "ஏளா, வெரசா வா!" என்று கத்தினார். பிறகு என்னிடம், "இதுக்கா அழுத? ஊர்ல பாதிப்பேரு புள்ளத்தாச்சிய வீட்டுல வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து ஓரம் மட்டும் எடுத்துக்கிட்டுப் போறான். ஓடுல முன்னால!" என்றார்.

நாங்கள் போனபோது பிள்ளை பிறந்திருந்தது. பெண் குழந்தை, அழுதுகொண்டு கிடந்தது. பெற்றவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்தாள். பாயைத் தாண்டித் தரையெல்லாம் ஓடியது. வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கையைக் கழுவும்போது மருத்துவச்சி என்னைப் பார்க்காமலே, "கொஞ்சம் முந்திக் கூப்பிட்டிருக்கப்படாதா, தம்பி" என்றாள்.

கருமாதி அன்று அண்ணாச்சிதான் எனக்குத் தலை மழித்தார். பின்கழுத்தில் கத்தி இருக்கும்போது சொன்னேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் உடனே வரல. சுவருக்குப் பின்னால நின்னேன். நீங்க ரெண்டு பேருக்கு எடுத்து முடிக்கிற வரைக்கும்."

கத்தி நின்றுவிட்டது. அவர் மூச்சு என் தலையில் பட்டது.

"பாதித் தாடியோட அவன அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு வந்திருப்பேனேல" என்றார். அப்புறம், "வீட்டுக்காரிட்ட சொல்லிராத. அவ தாங்கமாட்டா."

முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் இல்லை. சாத்திரம் மெய் என்றால் என் கத்திதான் காரணம். பொய் என்றால் நான் சுவருக்குப் பின்னால் நின்றதுதான் காரணம். அம்மா இன்னும் அது விதி என்று சொல்லி அழுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தை இப்போது நடக்கிறாள். என்றைக்காவது அவள் கேட்பாள். அதை நினைத்தால் தறியில் கை ஓடுவதில்லை.

அன்றைக்கு வலியில் என் ஏட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அத்தான் வந்தாச்சா, வந்தாச்சா என்று கேட்டாளாம். இதைப் படிக்கிற எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். கோமதியம்மாள் சந்நிதியில் நிற்கிறவர்களோ, மாதாகோயிலில் முட்டுப்போடுகிறவர்களோ, பள்ளிவாசலில் தொழுகிறவர்களோ, யாராக இருந்தாலும் சரி. என்னை விட்டுவிடுங்கள். அவள் பயமில்லாமல், யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்காமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று அவளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.