மாலை போட்ட ராணுவ லாரியில் காஞ்சிபுரம் போய் வந்த கதை

பழைய ராணுவ லாரியைச் சீர்செய்து தினமும் ஓட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு என் அனுதாபங்கள்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர், ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு டன் லாரியை வாங்கி, உத்திரமேரூரில் கரீம் பாயின் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது. நடுவில் எங்கள் காரையும் விற்று அதில் போட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, போன தை மாதம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். வண்டி காஞ்சிபுரம் போய், சொல்லி வைத்திருந்த பீரோவை ஏற்றிக்கொண்டு, யாரும் கட்டி இழுக்காமல் திரும்பி வர வேண்டும். வந்தால் வீட்டு வண்டி. நடுவழியில் படுத்தால் காயலான் கடை. மனிதர் ஒப்புக்கொண்டார், வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டில் பஸ் ஏறி எட்டரைக்கு உத்திரமேரூரில் இறங்கினோம். ஷெட் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததும், உள்ளதைச் சொல்கிறேன், வாயைப் பிளந்துவிட்டேன். பழைய ராணுவப் பச்சை போய் ஆகாய நீலம் வந்திருந்தது. அந்தப் பச்சையை நம்மைப் போன்றவர்கள் அடிக்கக்கூடாது, சட்டம் அப்படி. டீசல் எஞ்சின் மாற்றி, பிரேக்கை மாற்றி, பஸ்ஸில் கழற்றிய சீட்டைப் போட்டு, பெல்ட்டும் வைத்திருந்தார் கரீம் பாய். பூஜைக்கென்று அவரே ஒரு சாமந்தி மாலையும் வாங்கி வைத்திருந்தார். மாலையா அது! கட்சித் தலைவர் வந்தால் நாலு பேர் தூக்கிப் போடுவார்களே, அந்த அளவு. இரண்டு பக்கமும் வாழைக்கன்று வேறு.

"எம்மாம் பெரிய வண்டி! சின்ன மாலை போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியின் முகம் மறைய மாலையைப் போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்கி, ஒன்பதரைக்குக் கிளம்பினோம். மாலையைக் கையால் கழற்றக்கூடாது, தானாக வாடி விழ வேண்டும் என்று பூசாரி சொல்லி அனுப்பினார். பாஸ்கர் ஓட்ட, நான் நடுவில், ஜன்னலோரம் கரீம் பாய். ஸ்டியரிங் திருப்புவது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வேலைதான். ஆனால் அந்த உயரத்திலிருந்து வயலையும் ஏரியையும் பார்க்கிற சுகம் எந்தக் காரிலும் கிடையாது. எதிரே வந்த பஸ் டிரைவர்களெல்லாம் மரியாதையாக ஒதுங்கினார்கள். எனக்கு அநியாயத்துக்குப் பெருமையாக இருந்தது.

திருப்புலிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. புளியமரத்தடியில் ஓரம் கட்டினோம். கரீம் பாய் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"வாட்டர் பம்பு புதுசு, ஓசு புதுசு, ஃபேன் பெல்ட்டு புதுசு. அப்பறம் இன்னாத்துக்கும்மா சூடாவுது? பேஜாரா கீதே!"

தை மாதக் காலையில், வெயில்கூட ஏறாத நேரத்தில், எஞ்சின் கொதித்தது. அரை மணி ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி எடுத்தால், இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் அதே கதை. பாஸ்கர் போனைக் கையில் எடுத்தார். "இழுக்கிற வண்டிக்குச் சொல்லிடட்டுமா?" என்றார். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வண்டி தோற்கவே கூடாது என்று தோன்றியது. "போனை உள்ள வைங்க, யாரையும் கூப்பிட வேணாம்" என்று அதட்டினேன்.

மூவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல். ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருத்தர்.

"ஐயையோ, எங்க வூட்டு ஆடு உங்க மாலைய துண்ணுகினு கீது பாருங்க! சாமி குத்தம் ஆயிடப்போவுது!"

அதுவும் ஓர் ஆடு இல்லை, ஐந்தாறு. மாலையில் பாதி உள்ளே போய்விட்டது. ஒரு வாழைக்கன்றின் தண்டு மட்டும் தொங்கியது. எச்சில் பட்ட மாலையை வண்டியில் வைத்திருக்கக்கூடாது என்று அந்த அம்மா சொல்ல, கரீம் பாய் மனசே இல்லாமல் மிச்சத்தை அறுத்து ஆடுகளுக்கே போட்டார்.

எஞ்சின் ஆறியதும் மறுபடி கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர் போயிற்று, ஐந்து போயிற்று. முள் அசையவில்லை. மூன்று பேரும் அதையே முறைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கரீம் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட ஆண்டவா! என் மாலதாம்மா ரேடியேட்டருக்குக் காத்தே போவாம அடைச்சிக்கினு இருந்துருக்குது!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று, பாஸ்கருக்குக் கண்ணில் தண்ணீர்.

பன்னிரண்டு மணிக்குக் காஞ்சிபுரம். பீரோ ஏற்றி, சாப்பிட்டுவிட்டு, இரண்டரைக்குத் திரும்பினோம். போக வர ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டு கிடைத்தது. நீங்களும் இறங்குவதானால் ஏலக் காகிதம் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். எஞ்சின் மாற்றினால் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள், அதற்கு எங்களுக்கு ஐந்து மாத அலைச்சல். பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பூஜை போடுங்கள், ஆனால் மாலையைக் கண்ணாடிக்கு மேலே கட்டுங்கள்.

ஷெட்டில் கரீம் பாயை இறக்கிவிட்டதும் பாஸ்கர் எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "ரெண்டு தடவை நின்னுடுச்சு. நீ என்ன சொன்னாலும் சரி" என்றார்.

கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன்.

"தள்ளி உக்காருங்க. செங்கல்பட்டு வரைக்கும் நான் ஓட்டறேன்."