கூரை இல்லாத வீட்டில் பெய்த மழை

என் கையெழுத்து வளைந்து வளைந்து போகும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்து வாசியுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் என் காக்காவுக்கும், அதாவது அண்ணனுக்கும், நிந்தவூருக்கு மேற்கே அடுத்தடுத்து வயல். வாய்க்காலின் கடைசி வயல்கள். மேலே எல்லோரும் பாய்ச்சிய பிறகே எங்களுக்குத் தண்ணீர் வரும். சில வருடங்களுக்கு முன், கோடைச் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் போதாது, கடைசி வயல்களை விதைக்க வேண்டாம் என்று விவசாயிகள் கூட்டத்தில் சொன்னார்கள். காக்கா அப்போது மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். சுவர் எழும்பி நின்றது. கூரைக்கு அந்தப் போகத்து நெல்லைத்தான் நம்பியிருந்தார்.

அந்தக் கிழமையே ஊரில் அடைமழை. ரோட்டெல்லாம் வெள்ளம். காக்கா விதைநெல்லை ஊறப்போட்டார்.

"காக்கா, மலைப்பக்கம் ஒரு துளியும் இல்லயாம்," என்றேன்.

"முழங்கால் மட்டுக்கும் நனைஞ்சி வந்து நிண்டுக்கிட்டு மழ இல்லங்கிறாய். போடா, பயந்தாங்கொள்ளி."

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் இதைக் கேட்டுச் சிரித்தார். "இது கடலுக்குப் போற மழ. குளம் நிரம்ப மலையில பெய்யணும். ஒங்கட காக்கா ரோட்டுலயா வெதைக்கப் போறார்?"

காக்கா வயலில்தான் விதைத்தார். நான் என் வயலைத் தரிசாக விட்டேன். பயிர் பச்சை பிடித்தபோது என்னைக் கேலியும் செய்தார். கதிர் வெளிவரும் நேரம் வாய்க்கால் வற்றியது. மேல் வயல்காரரிடம் போய்க் கேட்டார், அவர்களுக்கே போதவில்லை. வயல்களில் வடியும் தண்ணீர் கடலுக்குப் போகும் வடிச்சல் ஆற்றில் மோட்டார் வைத்து இறைத்தோம். வாயில் வைத்துப் பார்த்தால் உப்பு. நிறுத்திவிட்டோம்.

கதிர்கள் பால் பிடிக்காமல் வெளுத்து நின்றன. ஒரு காலை காக்கா மாட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"அவுத்து விடுங்க. மாடாவது திங்கட்டும்."

நான் வயல் வரம்பில் நின்றேன். மாடுகள் இறங்க வழி விட்டேன்.

பிறகு மாரி வந்தது. தேடிப் போனபோது காக்கா அந்தக் கூரையில்லாத வீட்டுக்குள் நனைந்துகொண்டு நின்றார். வாசல்படி வரம்பு போல மறித்ததால் அறைகளில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"தம்பி, இதை எந்த வயலுக்குடா திருப்புற?" என்றார்.

இருவரும் வாளியால் அள்ளி வெளியே ஊற்றினோம். மழை விடவில்லை. மகளின் கலியாணப் பேச்சு அதோடு நின்றது. சுவர்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன.

2025 ஓகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை.