வட்டம் போட்டிருப்பது ராமுத்தாய் அக்காவை அல்ல

ராமுத்தாய் அக்கா இன்று காலை போய்விட்டாள். திருநகரில், மகன் வீட்டில். தொண்ணூற்றெட்டு வயது.

அழுது முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது...

அவள் பேரன் ஒரு போஸ்ட் போட்டிருக்கிறான். பழைய குடும்ப போட்டோ. பின்வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘எங்கள் அப்பத்தா, இளமையில்’ என்று எழுதியிருக்கிறான். கீழே வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி.

அந்த வட்டத்துக்குள் இருப்பது நான். உயிரோடுதான் இருக்கிறேன்.

அக்கா அந்தப் போட்டோவிலேயே கிடையாது. அதை எடுத்ததே அவள்தான்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் டைப் செய்கிறாள். “கொஞ்சம் கோபத்தைக் குறைச்சுப் போடவாம்மா?” என்கிறாள். ஒரு எழுத்தை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. சிம்மக்கல்லில் ஒரே கூட்டுக் குடும்பம். மாமனாருக்குப் பலசரக்கு மொத்தக் கடை, கடையை விடப் பெரிய குரல்.

யுத்தம் முடிந்த சமயம் அது. ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. “மாட்டுக்கு வையுங்க” என்றார் மாமனார்.

அந்த மாசியில் குலதெய்வக் கும்பிடு எங்கள் முறை. உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊரில், பங்காளிகள் அத்தனை பேருக்கும் எங்கள் செலவில் கறிச்சோறு. கிடா இருக்கிறது... சோற்றுக்கு அரிசி இல்லை. மாமனாருக்கு மானப் பிரச்சினை.

அக்காதான் கோதுமையைத் திருகையில் உடைக்க ஆரம்பித்தாள். ரவையாக்கி, வறுத்து, எலும்புச் சாற்றில் வேகவைத்துப் பார்த்தாள். முதல் தடவை பசையாக வந்தது, போஸ்டர் ஒட்டலாம். அடுத்தது பல்லில் நறநறவென்றது. எல்லாத்தையும் நாங்கள் ரெண்டு பேரும்தான் ஒளித்து வைத்துத் தின்றோம்.

“இன்னைக்கு எப்படிடி?”

“மாடு திங்கும்க்கா.”

விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுநாள் திரும்ப உடைப்பாள். ஒருநாள் பொலபொலவென்று வந்தது பாருங்கள்... நான் ரெண்டாவது தட்டு கேட்டேன்.

அதே சமயத்தில்தான் கேமராப் பைத்தியமும். கொழும்பிலிருந்து வந்த அவள் அண்ணன் ஒரு பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் வெறும் கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலேயிருந்து குனிந்து பார்த்துப் பழகுவாள். “மூச்சு விடாதடி” என்பாள். ஃபிலிமே இல்லாத கேமராவுக்கு நான் மொட்டைமாடி வெயிலில் மூச்சடக்கி நிற்பேன். கடைசியில் எங்கோ சொல்லி ஒரு ரோல் வாங்கிவிட்டாள்.

கும்பிடு அன்று பெரிய அண்டாவில் கோதுமைக் கறிச்சோறு. பங்காளிகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் மூத்த பெரியவர் ஒருத்தர் இலையிலிருந்து தலையைத் தூக்கி, “யாரு பக்குவம்டா இது? அமிர்தமா இருக்கு” என்று கேட்டார்.

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “வடநாட்டுச் சமையக்காரரை வரவழைச்சேன் சித்தப்பு.”

அக்கா பக்கத்தில் கரண்டியோடு நிற்கிறாள்! அவள் புருஷன் இலையைப் பார்க்கிறார். என் வீட்டுக்காரரும் இலையைத்தான் பார்த்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது...

 பந்தி முடிந்ததும் அக்கா கேமராவோடு வந்தாள். “எல்லாரும் வெயிலைப் பாத்து உக்காருங்க. பொம்பளைகளும் வாங்க, பின்னாடி நில்லுங்க.”

மாமனார் எழுந்துவிட்டார். “பொட்டச்சி படம் புடிச்சு நாங்க உக்காரணுமா? உள்ள போ.”

“அப்ப உங்க வடநாட்டுச் சமையக்காரரைக் கூப்பிடுங்க மாமா. சோத்தையும் அவருதான பொங்குனாரு? படத்தையும் அவரே புடிக்கட்டும்.”

 அந்த மூத்த பெரியவர்தான் முதலில் சிரித்தார். சிரித்து, இருமி, முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நீ புடி தாயி. டேய், உக்காருடா!”

மாமனார் உட்கார்ந்தார். போட்டோவில் அவர் முகம் கடுகடுவென்று இருப்பதற்குக் காரணம் வெயில் இல்லை.

பிறகு பெண்கள் சாப்பிடப் போனோம். அண்டா காலி. அன்று அக்கா வாயில் ஒரு பருக்கை போகவில்லை.

அதோடு விட்டார்களா? ஊர் திரும்பிய வாரமே கேமராவைப் பிடுங்கி மூத்த மாப்பிள்ளையிடம், எங்கள் நாத்தனார் புருஷனிடம், கொடுத்தார் மாமனார். “ஆம்பள கையில இருக்க வேண்டிய சாமான்.” ஸ்டுடியோவில் கழுவி, சட்டம் போட்டு வந்த போட்டோவுக்குக் கீழே மாப்பிள்ளை பெயர். அன்று அவர் குனிந்து கறி தின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

அண்ணன் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று அக்கா கேட்டாள். ஒருமுறை அல்ல, மாமனார் சாகும் வரை கேட்டாள். கிடைக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் அது ‘மாப்பிள்ளை தாத்தா எடுத்த போட்டோ’. பேரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்படியா சின்ன அப்பத்தா? சரி, விடுங்க. இப்ப எடிட் பண்ணா நல்லா இருக்காது” என்கிறான்.

நல்லா இருக்காதாம்!

அதனால் நான் இங்கே எழுதுகிறேன். படம் எடுத்தது ராமுத்தாய். சோறு பொங்கியதும் ராமுத்தாய். ஷேர் செய்கிறவர்கள் செய்யுங்கள்.

சாயங்காலம் தத்தனேரிச் சுடுகாட்டுக்கு எடுக்கிறார்களாம். பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டுமாம், அதையும் அந்தப் பேரன்தான் சொன்னான். ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. என்னைத் தூக்கி இறக்க மகள் வருகிறாள். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

செத்தப் பொறு அக்கா... வாரேன்.