லைட்டை ஜனங்கள் பக்கம் திருப்பிய ரோஸ்லின் அக்கா

செய்தி வந்தபோது நான் சிங்கப்பெருமாள் கோயில் பேருந்து நிறுத்தத்தில் கம்பெனி வண்டிக்காக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற தாஸ் போன் செய்தான்.

“அண்ணாத்த, எங்க கீற?”

“டீக்கடைல. இன்னாடா காலங்காத்தால?”

“டீய மொதல்ல கீழ வை.”

நான் வைக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் உடனே கேட்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. அதனால், “ரோஸ்லின் அக்கா பூட்டாங்க அண்ணாத்த, தூக்கத்துலயே” என்று அவன் சொல்லி முடித்தபோது பாதி டீ என் கம்பெனி சட்டையில் இருந்தது. அந்தக் கறையோடுதான் செங்கல்பட்டுக்கு ஓடினேன். அக்கா எழுந்து பார்த்திருந்தால், “சாவுக்கு வந்தா ஒரு நல்ல சட்ட போட்டுகினு வர மாட்டியாடா மாணிக்கம்?” என்று கேட்டிருப்பார்.

ரோஸ்லின் அக்காவை உங்களுக்குத் தெரியும். பகலில் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை, சனி ஞாயிறு மேடை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை அம்மன் கோயில் திருவிழாவோ, மாதா கோயில் திருவிழாவோ, கல்யாண வரவேற்போ, எங்கேயாவது ஓரிடத்தில் அவர் பாடி நீங்கள் கேட்டிருப்பீர்கள். என்னைத்தான் தெரிந்திருக்க நியாயமில்லை. மேடையின் ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று மொராக்கஸ் குலுக்குகிறவன் நான். மொராக்கஸ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்கிற கிலுகிலுப்பையைக் கொஞ்சம் வளரவிட்டால் அதுதான். ஒரு கச்சேரி வீடியோவைப் பார்த்துவிட்டு என் மகள் கவிதா சொன்னாள்: “நைனா, நீ குலுக்கறது நல்லா தெரியுது. சத்தந்தான் வரல.” பத்தாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்டது. ஆகவே நான் எழுதுகிற இதில் பிழை ஏதும் இல்லையென்றால் அது கவிதா திருத்திக் கொடுத்த வேலைதான்.

குழுவில் எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. லைட் திருப்புவது.

மேடை போடுகிறவர்கள் பெரிய ஃபோகஸ் லைட்டைப் பாடுகிறவர் முகத்துக்கு நேராகத்தான் வைப்பார்கள். அக்கா மேடை ஏறியதும், மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே என்னைப் பார்ப்பார். நான் கீழே இறங்கிப் போய் ஒரு லைட்டைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டு வர வேண்டும். “என் மூஞ்சி எனக்குத் தெரியும்டா. அவங்க மூஞ்சி தெரியணும்” என்பார். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் ஓடிவருவார். “யோவ், லைட்ட தப்பா வெச்சிகினு போற!” கச்சேரியின் முதல் பாட்டு அக்காவுக்கு, முதல் திட்டு எனக்கு. அப்படித்தான் எங்கள் நிகழ்ச்சி நிரல்.

முகம் தெரிந்து என்ன செய்வார்? அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்வார். கை தட்டுகிறவரை அல்ல, உம்மென்று உட்கார்ந்திருப்பவரை. “கை தட்றவன் ஏற்கனவே நம்ம ஆளு” என்பார். “மொத்த ஜனத்துக்கும் பாட முடியாதுடா. ஒருத்தருக்குப் பாடு. மத்தவங்க ஒட்டுக் கேட்டுக்குவாங்க.” நானும் முயன்று பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக் குலுக்கினேன். அவர் எழுந்து வந்து, “இன்னா மொறைக்கிற?” என்றார்.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகள் இருக்கிற தெருவில் ஒரு திருவிழா. முன்வரிசையில் ஒரு கல்தச்சர் உட்கார்ந்திருந்தார். புருவத்தில்கூடக் கல்தூள். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். காதல் பாட்டு பாடினார், சோகப் பாட்டு பாடினார், சாமி பாட்டு பாடினார், குத்துப் பாட்டும் பாடினார். மனிதர் அசையவில்லை. போதாததற்குக் கண்ணை வேறு இறுக்கி மூடிக்கொண்டார். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடைவேளையில் நேராக அவரிடமே போய் நின்றார்.

“இன்னா பெரியவரே, என் பாட்டு அவ்ளோ மோசமாவா கீது?”

“யாரு சொன்னா?” என்றார் அவர், தெருவுக்கே கேட்கிற குரலில். “பொழுதன்னைக்கும் உளி சத்தம். காது பாதி பூட்ச்சி. வாயப் பாத்தாதான் எனக்குப் பாட்டு புரியும். நீ இன்னாடான்னா லைட்ட என் கண்ணுலயே வுட்டுகினு கீற. எங்கம்மா பாக்கறது?”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “டேய் மாணிக்கம், இத்தினி வருசமா ஜனங்க கண்ணக் குத்திகினா இருந்த?” குத்தச் சொன்னவர் அவர். குத்தியவன் நான். பழி யாருக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை.

அன்றைக்கு லைட்டைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன். முகங்களின் மேல் வெளிச்சம் விழும், கண் கூசாது. அவர்களுக்கு அக்கா தெரிவார், அக்காவுக்கு அவர்கள் தெரிவார்கள். “நான் பாத்தா மட்டும் இன்னா பிரயோஜனம்? ரெண்டு பக்கமும் பாத்துகினாதான்டா கச்சேரி” என்றார் அக்கா. இரண்டாம் பாதியில் அந்தப் பெரியவர் வாய்விட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டார். எல்லோருக்கும் பின்னால், தாளம் தவறி. அக்கா அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. அவர் வந்து சேருகிற வரைக்கும் பாட்டை இழுத்துப் பிடித்தார். தாஸ் கீபோர்டில் தடுமாறியது எல்லோருக்கும் கேட்டது. நான் தடுமாறியது வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை.

இனி சொல்லப்போவது கடலோரத்தில் ஓர் ஊரில் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்களுக்குத் தெரியும்.

மேடைக்கு முன்னால் சோபா. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதற்கும் பின்னால் குறுக்கே சவுக்குக் கட்டை கட்டி ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் காலனி ஜனங்கள் நின்றார்கள். நாற்காலிகள் பாதி காலியாகக் கிடந்தன. இருந்தும் அவர்கள் நின்றார்கள். அக்கா, தாஸ், நான் எல்லோரும் அதுபோன்ற காலனிகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். அதனால் யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மேடையில் இருக்கிற வரைக்கும் நாங்கள் கலைஞர்கள். பாடி முடித்து இறங்கினால் எங்களுக்கும் இடம் கட்டைக்கு அந்தப் பக்கம்தான்.

நான் லைட்டைத் திருப்பினேன். சோபாவில் இருந்தவர்கள் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைக்குப் பின்னால் ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் வாயசைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது அவளைத்தான். இரண்டு பாட்டு முடிந்ததும் மைக்கில் சொன்னார்: “கமிட்டி அண்ணங்களா, அந்தக் கட்டைய அவுத்து வுட்டுடுங்க. காலி சேர் நெறைய கீது. அவங்க முன்னால வரட்டும்.”

கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்தார். “இந்தாம்மா, பாட வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?”

“பாடத்தாண்ணா வந்தேன். மூஞ்சி கிட்ட தெரிஞ்சாதான் எனக்குப் பாட்டு வரும்.”

“கட்ட எப்பவும் அங்கதான் இருக்கும்.”

“சரி. அப்போ நான் அங்க போறேன்.”

கையில் இருந்தது வயர் இல்லாத மைக். பாடிக்கொண்டே படியிறங்கினார். சோபாவைத் தாண்டினார், நாற்காலிகளைத் தாண்டினார். பாதி வழியில் மைக் செத்துப்போனது. மைக் மட்டுமல்ல, ஸ்பீக்கர், கீபோர்டு, கிடார் எல்லாம். கமிட்டிக்காரர் சவுண்டு போட்டவரிடம் கண்ணைக் காட்டியிருக்கிறார். லைட் மட்டும் ஜெனரேட்டரில் ஓடியதால் தப்பித்தது. அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு கட்டைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, வெறும் தொண்டையில், விட்ட இடத்திலிருந்து பாடினார்.

மேடையில் தாஸ் செத்த கீபோர்டின் மேல் கை வைத்தபடி நின்றான். எங்கள் குழுவில் கரண்ட் கேட்காத ஒரே வாத்தியம் என் கையில் இருந்தது. ஓடினேன். கட்டைக்கு அடியில் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி நிமிர்ந்தும் பாதி நிமிராமலும் அக்காவிடம் போய் நின்றேன்.

“இன்னாடா பாத்துகினு கீற? குலுக்குடா!”

குலுக்கினேன். வாழ்க்கையில் முதன்முதலாக என் சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பெண் பாடினாள். அவளுக்குப் பின்னால் காலனியே பாடியது. பிளாஸ்டிக் நாற்காலிக்காரர்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சோபாவைத் திருப்ப முடியாது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருமில்லாத மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது வேனில் தாஸ் சொன்னான்: “அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்கக்கா.”

“கூப்புடாட்டி போறாங்க. நம்ம பாட்டக் கேக்கறவங்களுக்கு ஒக்கார எடம் குடுக்காத ஊர்ல நமக்கு இன்னாத்துக்குடா மேடை?”

அவன் சொன்னதுபோலவே கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலும் ‘தகராறு பார்ட்டி’ என்று பெயராகிவிட்டது. வந்துகொண்டிருந்த கச்சேரிகள் குறைந்தன. கொஞ்சம் அனுசரித்துப் போகலாமே என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது உண்மை. அதைச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. அக்கா அதற்குப் பிறகு எந்த மேடைக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் ஒரு நடை போய்க் கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற உறவினர்களுக்காக வீடியோக்காரர் நேரலை போட்டிருந்தார். பெட்டிக்கு நேராகப் பெரிய லைட். அக்காவின் முகத்தில் பளீரென்று வெளிச்சம். நெரிசலைச் சமாளிக்கப் பெட்டியைச் சுற்றிக் கயிறு பிடித்து, “சொந்தக்காரங்க மட்டும் உள்ள வாங்க, மத்தவங்க கயித்துக்கு அந்தப் பக்கம்” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. அக்காவுக்கு முன்னாலேயே ஒரு தடுப்பா?

நேராகப் போய் லைட் ஸ்டாண்டைத் தூக்கினேன்.

“யோவ் பெருசு, லைவ் போயிகினு கீது!” என்று வீடியோக்காரர் அலறினார்.

“போவட்டும்பா. அக்கா மூஞ்ச எல்லாரும் பாத்தாச்சு. இப்ப அக்கா எல்லாரையும் பாக்கட்டும்.”

லைட்டைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். அக்காவின் மகன் ஜான் கயிற்றைப் பிடித்திருந்தான். என்னையே பார்த்தான். இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தோளைத் தொட்டான்.

“சைடுல சாச்சி வை மாமா. கண்ணுல அடிக்காத. அம்மா திட்டும்.”

சாய்த்து வைத்தேன். முகங்கள் தெரிந்தன. திருவிழாக்களில் பார்த்த முகங்கள், கல்யாணங்களில் பார்த்த முகங்கள். தோளுயரம் வளர்ந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கட்டைக்குப் பின்னால் நின்றவள்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பையிலிருந்து மொராக்கஸை எடுத்தேன். அக்கா எப்போதும் கடைசியாகப் பாடுகிற மாதா பாட்டை தாஸ் ஆரம்பித்தான், உடைந்த குரலில். அடுத்த வரிக்கு அவன் தேவைப்படவில்லை. கூட்டம் எடுத்துக்கொண்டது.

போன வாரம் அந்தக் கடலோர ஊரிலிருந்து தாஸுக்குப் போன் வந்தது. அக்காவுக்கு அஞ்சலிக் கச்சேரி நடத்தப் போகிறார்களாம். மேடையில் அக்காவின் பெரிய பேனர், அதன்மேல் ஃபோகஸ் லைட். தாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: “கட்ட?” “அது எப்பவும்போலதாம்பா” என்று பதில் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கச்சேரிக்குக் கூப்பிட ஆளில்லாத காலத்தில் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதை அவன் எங்கே வாங்கினான் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து எனக்குக் குரலோ ராகமோ வரவில்லை. என் பாட்டைக் கேட்டால் கவிதா கதவைச் சாத்துகிறாள். எனக்கு மிச்சமிருப்பது சூடான லைட்டைத் திருப்பித் திருப்பிக் கட்டைவிரலில் விழுந்த ஒரு தழும்பும், அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்கிற ஓர் அறிவும்தான்.

அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டையை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், வருகிறோம். எடுக்காவிட்டாலும் வருவோம். உங்கள் மேடை வேண்டாம், மைக் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நாங்கள் நிற்கப்போவது கட்டைக்கு அந்தப் பக்கம். கேட்க வேண்டுமென்றால் நீங்கள்தான் சோபாவை விட்டு எழுந்து திரும்ப வேண்டியிருக்கும்.